ராக்கெட் மலிவானது யாருக்கு?

#1 எடைக்கணக்கு

போன வாரம் அலுவலகத்தில் ஒரு வாய்ச்சண்டை. "ராக்கெட் செலவு பத்தில் ஒரு பங்காயிடுச்சு, இனிமேல் விண்வெளியில எதை வேணும்னாலும் கட்டலாம்" என்றார் நண்பர் ஒருவர். அந்தப் பத்தில் ஒரு பங்கு பில் யாருக்கு வந்தது என்று கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டார். அதனால் இங்கே கொண்டுவருகிறேன்.

என் கணக்கு இது. ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 9 ராக்கெட்டின் அறிவிக்கப்பட்ட விலை 2016-ல் 6.2 கோடி டாலர். அப்போது ஒரு பூஸ்டர்கூட (ராக்கெட்டின் கீழ் அடுக்கு) இரண்டாம் முறை பறந்திருக்கவில்லை. பயன்படுத்திய பூஸ்டர் முதன்முதலாக மறுபடி பறந்தது 2017 மார்ச்சில். 2022-ல் விலை 6.7 கோடி. அதாவது மறுபயன்பாடு வந்த பிறகு விலைப்பட்டியல் ஏறியிருக்கிறதே தவிர இறங்கவில்லை. ஆனால் ஒரு ஏவுதலுக்குத் தங்களுக்கு ஆகும் செலவு 2.8 கோடி என்று 2020-ல் அந்த நிறுவனத்தின் அதிகாரி ஒருவரே சொன்னார்.

செலவு குறைந்தது உண்மை. விலை குறையவில்லை. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பித்தான் பாதிக் கட்டுரைகள் எழுதப்படுகின்றன. மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள். கணக்கோடு சொல்லுங்கள், கைதட்டலோடு வேண்டாம்.

#2 வால்நட்சத்திரம்

கணக்கோடவே வர்றேன்.

ஒண்ணு, பணவீக்கத்தை விட்டுட்டீங்க. 2016-ன் 6.2 கோடி டாலர் 2024 மதிப்பில் கிட்டத்தட்ட 8 கோடி. அப்போ நிஜ விலை இறங்கித்தானே இருக்கு?

ரெண்டு, முழு ராக்கெட் விலையை மட்டும் ஏன் பார்க்குறீங்க? சின்ன செயற்கைக்கோள்களைக் கூட்டாக ஏத்திட்டுப் போற பயணத்தில் 200 கிலோவுக்கு 10 லட்சம் டாலர்னு 2019-ல அறிவிச்சாங்க. அப்புறம் கொஞ்சம் ஏத்தினாங்க, அது வேற. ஆனா அதுக்கு முன்னாடி 200 கிலோ வச்சிருக்கிறவன் என்ன பண்ணுவான்? எலக்ட்ரான் மாதிரி ஒரு சின்ன ராக்கெட்டை மொத்தமா வாங்கணும். 300 கிலோ திறனுக்கு 70 லட்சம் டாலர் அளவுக்குக் கொடுக்கணும். இல்லேன்னா பெரிய செயற்கைக்கோள் ஒண்ணோட ஓரத்தில் தொத்திக்கிட்டு, அது எங்க போகுதோ அங்க போகணும்.

மூணு, விலையைத் தீர்மானிக்கிறது போட்டி, செலவு இல்ல. அடுத்த கடைக்காரன் பத்து ரூபாய்க்கு விக்கும்போது நான் ஏன் மூணு ரூபாய்க்கு விக்கணும்? இது ராக்கெட்டோட குத்தமா?

#3 எடைக்கணக்கு

பணவீக்கத்தை ஏற்றுக்கொள்கிறேன். அதை விட்டது என் தவறு. ஆனாலும் நீங்கள் சொல்லும் குறைவு கால்பங்குகூட இல்லை. நண்பர் சொன்னது பத்தில் ஒன்று.

உங்கள் மூன்றாவது பாயிண்ட் எனக்குச் சாதகமானது. போட்டியில்லாததால் விலை நிற்கிறது என்கிறீர்கள். சரி, மிச்சமாகும் பணம் எங்கே போகிறது? 2024-ல் ஃபால்கன் குடும்பம் 134 முறை ஏவப்பட்டது. அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அவர்களுடைய சொந்த ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள்களுக்கு. அவர்களுக்கு அவர்களே செலவு விலையில் விற்றுக்கொள்கிறார்கள், வெளியாளுக்குச் சந்தை விலை. ராக்கெட் மலிவானது ஒரே ஒரு வாடிக்கையாளருக்கு. அந்த வாடிக்கையாளர் முதலாளியே.

#4 ஒற்றைவரி

மாப்பிள்ளையும் இவர்தான், தரகரும் இவர்தான்.

#5 பழைய தச்சன்

நான் ராக்கெட் ஆள் இல்லை. விமான உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனையில் முப்பது வருஷம் இருந்தவன். அதனால் விலையைவிட எண்ணிக்கைதான் என் கண்ணில் படும்.

மறுபயன்பாட்டை இவர்கள் கண்டுபிடித்ததாகப் பேசுகிறார்கள். நாசாவின் விண்வெளி ஓடம் (ஸ்பேஸ் ஷட்டில்) 1981-லேயே பறந்தது. அதைத் திட்டமிட்ட காலத்தில் வாரம் ஒரு பயணம் என்று காகிதத்தில் எழுதினார்கள். நடந்தது என்ன? அதிகபட்சம் 1985-ல் ஒன்பது. முப்பது வருஷத்தில் மொத்தம் 135. அதில் இரண்டு ஓடங்கள் போயின, 14 உயிர்கள் போயின. ஒவ்வொரு தடவையும் தரையிறங்கியதும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வெப்ப ஓடுகளைத் தனித்தனியே பார்க்க வேண்டும். அதில் பெரும்பாலானவை ஒவ்வொன்றும் தனி வடிவம். ஒன்றுக்கு இன்னொன்றை மாற்றிப் பொருத்த முடியாது. எங்கள் தொழிலில் அப்படி ஒரு வரைபடத்தைக் கொண்டுவந்தால், போய் வேறு வேலை பார் என்று சொல்லிவிடுவோம்.

ஓடம் திரும்பி வந்தது, ஆனால் அடிக்கடி போகவில்லை. ஃபால்கன் அடிக்கடி போகிறது. வித்தியாசம் அவ்வளவுதான். மறுபயன்பாடு என்பது தொழில்நுட்பம் மாதிரித் தெரிகிற ஒரு கால அட்டவணை.

இன்னொன்றை யாரும் கவனிப்பதில்லை. ஃபால்கன் 9-ல் கீழ்ப்பாதிதான் திரும்பி வருகிறது. மேல் அடுக்கு ஒவ்வொரு முறையும் போயே போய்விடும். வருஷத்துக்கு 134 ஏவுதல் என்றால் 134 மேல் அடுக்கு செய்தாக வேண்டும். மூன்று நாளைக்கு ஒன்றுக்கும் மேல். எல்லோரும் பூஸ்டர் தரையிறங்குவதைக் கைதட்டிப் பார்க்கிறார்கள். நான் அந்த மேல் அடுக்கு அசெம்பிளி லைனைத்தான் பார்க்க ஆசைப்படுவேன்.

#6 வால்நட்சத்திரம்

ஐயா, அந்த மேல் அடுக்கு விஷயம் அருமை. நான் அப்படி யோசிச்சதே இல்ல.

ஆனா "கால அட்டவணை"ன்னு சொல்லி இன்ஜினியரிங்கை ரொம்பச் சின்னதாக்கிட்டீங்க. சூப்பர்சானிக் வேகத்தில் பின்பக்கமா விழுந்துட்டிருக்கிற ஒரு 40 மீட்டர் குழாய், காத்துக்கு எதிரா இன்ஜினைப் பத்தவச்சு, நடுக்கடல்ல ஆடுற மேடையில் வந்து நிக்குது. 2015 டிசம்பர்ல தரையிலும் 2016 ஏப்ரல்ல கப்பலிலும் இது நடக்குறதுக்கு முன்னாடி, முடியாதுன்னு சொன்னவங்க கொஞ்ச நஞ்சமா? எலக்ட்ரான் செய்யுற ராக்கெட் லேப் நிறுவனர் பீட்டர் பெக் மறுபயன்பாடு பண்ணினா என் தொப்பியைத் தின்கிறேன்னு சொல்லி, 2021-ல வீடியோவிலேயே மிக்ஸியில அரைச்சு நிஜமா ஒரு வாய் தின்னாரு. அந்த ஒரு நேர்மைக்கே அவரைப் பிடிக்கும்.

#7 எடைக்கணக்கு

தச்சன் ஐயா சொன்னதோடு சேர்க்க ஒரு கணக்கு.

மறுபயன்பாடு இலவசம் இல்லை. தரையிறங்க எரிபொருள் மிச்சம் வைக்க வேண்டும், கால்கள் வேண்டும், துடுப்புகள் வேண்டும். ஃபால்கன் 9 தூக்கி எறியப்பட்டால் தாழ் சுற்றுப்பாதைக்கு 22.8 டன். பூஸ்டரைக் கப்பலில் இறக்கினால் ஏறக்குறைய 17.5 டன். அந்த ஐந்து டன்தான் வாடகை. இந்த வாடகையை எத்தனை பயணத்தில் மீட்கலாம் என்று 2020-ல் இரண்டு தலைவர்கள் பொதுவெளியில் முட்டிக்கொண்டார்கள். போட்டி ராக்கெட் நிறுவனமான யுஎல்ஏ-வின் டோரி புருனோ, சராசரியாகப் பத்துப் பயணம் என்றார். ஸ்பேஸ்எக்ஸின் மஸ்க், இரண்டில் சமம், மூன்றில் லாபம் என்றார். ஒரே பூஸ்டர் முப்பது தடவைக்கு மேல் பறந்துவிட்ட பிறகு அந்தச் சண்டைக்கு அர்த்தமே இல்லாமல் போய்விட்டது.

ஆனால் அந்தக் கணக்கில் ஒளிந்திருக்கும் நிபந்தனையைப் பாருங்கள். பத்துப் பயணம் பறக்க, பத்துப் பயணத்துக்குச் சரக்கு வேண்டும். வருடத்துக்கு எட்டோ பத்தோ மட்டும் ஏவுகிற நாட்டுக்கோ நிறுவனத்துக்கோ மறுபயன்பாடு வந்தால் என்ன ஆகும்? இரண்டு பூஸ்டர் செய்துவிட்டு இன்ஜின் தொழிற்சாலையைப் பூட்டி வைக்க வேண்டியதுதான். பூட்டினால் ஆட்கள் கலைந்துவிடுவார்கள். ஐரோப்பா ஏரியான் 6-ஐத் தூக்கி எறியும் ராக்கெட்டாகவே வடிவமைத்ததற்கு இந்த வாதமும் ஒரு காரணம். 2014-ல் அது மடத்தனமாகத் தெரியவில்லை. 2024 ஜூலையில் அது முதன்முதலாகப் பறந்தபோது தெரிந்தது.

ஸ்டார்லிங்க் இல்லாமல் ஃபால்கன் மறுபயன்பாடு லாபமாகியிருக்குமா? என் பதில், அரைகுறையாக. ராக்கெட்டுக்குத் தேவையை அவர்களே உண்டாக்கிக்கொண்டார்கள். தொழில்நுட்பத்தைவிட அதைத்தான் மற்றவர்களால் நகலெடுக்க முடியவில்லை.

#8 பிட்டும் பைட்டும்

மென்பொருள் ஆள் ஒருத்தன் உள்ளே வரலாமா?

எங்கள் துறையில் இந்த நிறுவனத்தைப் பற்றிப் பேசினாலே "வேகமாக உடை, வேகமாகக் கற்றுக்கொள்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். மேலாளர்கள் ஸ்லைடில் வெடிக்கிற ராக்கெட் படம் போடுகிறார்கள். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் (பெயர் வேண்டாம்) சோதனைக் குழுவையே கலைத்துவிட்டார்கள். காரணம் கேட்டால் "ராக்கெட்காரன் வெடிக்க விட்டே கத்துக்கிறான், நாம ஏன் பயப்படணும்" என்றார்கள். மூன்று மாதத்தில் வாடிக்கையாளர் தரவு ஒரு முழு நாள் கிடைக்காமல் போனது. அப்போது யாரும் கைதட்டவில்லை.

ராக்கெட்காரர்கள் வெடிக்க விடுவது ஆள் இல்லாத, சரக்கு இல்லாத சோதனைக் கலத்தை. அதில் உணரிகளை அள்ளிக் கொட்டியிருப்பார்கள். வெடிப்பின் ஒவ்வொரு மில்லி விநாடியும் பதிவாகும். நம் ஆட்கள் வெடிக்க விடுவது பணம் கட்டிய வாடிக்கையாளரை. பதிவுக் கோப்பைத் திறந்தால் "ஏதோ தவறு நேர்ந்தது" என்று ஒரு வரி.

#9 ஒற்றைவரி

அந்த ஒரு வரியைப் படிக்க மூன்று பேர் கொண்ட கமிட்டி.

#10 பழைய தச்சன்

பிட் தம்பி, சரியாகச் சொன்னீர்கள். இதற்குப் பழைய உதாரணம் சோவியத் என்1.

நிலாவுக்குப் போக அவர்கள் கட்டிய ராக்கெட், முதல் அடுக்கில் 30 இன்ஜின். 1969-க்கும் 1972-க்கும் இடையில் நான்கு முறை ஏவினார்கள், நான்கும் தோல்வி. "முப்பது இன்ஜின் வைத்தால் அப்படித்தான்" என்று பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தோம். இப்போது ஸ்பேஸ்எக்ஸின் பெரிய ராக்கெட் ஸ்டார்ஷிப்பில் 33 இன்ஜின் எரிகிறது. 2024 அக்டோபரில் அந்த பூஸ்டரைக் கோபுரத்தின் கைகளாலேயே பிடித்தும் விட்டார்கள். ஆக எண்ணிக்கை பிரச்சினை இல்லை.

அப்போது பிரச்சினை எது? என்1-ன் இன்ஜின்களில் சில வால்வுகள் வெடிமருந்தால் ஒரே ஒரு முறை திறப்பவை. ஒரு தடவை எரித்துப் பார்த்த இன்ஜினை மறுபடி எரிக்க முடியாது. அதனால் ஒரு தொகுதி செய்து, அதிலிருந்து சிலதை எடுத்து எரித்துப் பார்த்து, நன்றாக இருந்தால் மிச்சத்தைச் சோதிக்காமலே ராக்கெட்டில் மாட்டினார்கள். தீக்குச்சிப் பெட்டியில் நாலு குச்சியைக் கிழித்துப் பார்த்துவிட்டு மற்றதெல்லாம் எரியும் என்று நம்புகிற மாதிரி. முழு முதல் அடுக்கையும் தரையில் கட்டி எரித்துப் பார்க்கும் வசதியும் கட்டவில்லை. பறக்கவிட்டுத்தான் பார்த்தார்கள். அதுவும் "வேகமாக உடைத்துக் கற்பது"தானே? கற்றார்களா என்றால் ஓரளவு கற்றார்கள். ஐந்தாவதுக்குள் பணமும் பொறுமையும் தீர்ந்துவிட்டது.

ஃபால்கனின் மெர்லின், ஸ்டார்ஷிப்பின் ராப்டர் இன்ஜின்கள் இரண்டையும் ஒவ்வொன்றாகத் தரையில் எரித்துப் பார்த்துத்தான் மாட்டுகிறார்கள். பறப்பதற்கு முன் எத்தனை தடவை எரிகிறது என்பதை யாரும் ஸ்லைடில் போடுவதில்லை.

#11 வால்நட்சத்திரம்

ஐயா சொல்றது சரி. ஆனா எதிர்ப்பக்கத்தையும் பாருங்க. நிதானமா, காகிதம் காகிதமா வேலை செஞ்சவங்க என்ன சாதிச்சாங்க?

2014-ல நாசா ரெண்டு நிறுவனத்துக்கு மனிதர்களை ஏத்திட்டுப் போக ஒப்பந்தம் கொடுத்துச்சு. போயிங்குக்கு 420 கோடி டாலர், ஸ்பேஸ்எக்ஸுக்கு 260 கோடி. அனுபவஸ்தருக்குத்தான் அதிகம். 2019 டிசம்பர்ல போயிங்கோட ஸ்டார்லைனர் கலம் ஆளில்லாம முதல் சோதனைக்குப் போச்சு. ராக்கெட்டிலிருந்து நேரத்தை எடுக்கும்போது தப்பான இடத்திலிருந்து எடுத்து, கலத்தோட கடிகாரம் 11 மணி நேரம் தப்பா ஓடுச்சு. எரிய வேண்டிய நேரத்தில் இன்ஜின் எரியல, விண்வெளி நிலையத்துக்கே போகாம திரும்பி வந்துச்சு. 2024-ல ரெண்டு பேரை ஏத்திட்டுப் போன கலம் செப்டம்பர்ல காலியாத் திரும்பிச்சு. அந்த ரெண்டு பேரும் மறு வருஷம் மார்ச்ல போட்டியாளரோட கலத்தில் வந்து இறங்கினாங்க.

அப்போ நிதானம் மட்டும் காப்பாத்திடுச்சா?

#12 பிட்டும் பைட்டும்

இல்லை. ஆனால் அந்த 11 மணி நேரப் பிழை நிதானத்தால் வந்ததும் இல்லை. ஏவுதல் முதல் இணைப்பு வரை முழுப் பயணத்தையும் ஒரே ஓட்டமாக ஓட்டிப் பார்க்காமல், துண்டு துண்டாகச் சோதித்ததால் வந்தது. ஒவ்வொரு துண்டும் பாஸ். துண்டுகளுக்கு நடுவில்தான் ஓட்டை. எங்கள் துறையில் தினமும் பார்ப்பது இது.

விண்வெளி மென்பொருளில் எனக்குப் பிடித்த இரண்டு தோல்விகள் இருக்கின்றன. ("பிடித்த" என்பது தவறான சொல். ஆனால் மாற்றுச் சொல் கிடைக்கவில்லை.)

ஏரியான் 5, முதல் பயணம், 1996 ஜூன் 4. சுமார் 40 விநாடியில் சிதறியது. ஏரியான் 4-லிருந்து அப்படியே எடுத்துப்போட்ட வழிகாட்டு மென்பொருள். ஒரு 64 பிட் மிதவைப் புள்ளி எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்றும் இடத்தில் எண் கொள்ளவில்லை. பழைய ராக்கெட் அவ்வளவு வேகமாகப் பக்கவாட்டில் போனதில்லை, அதனால் அதில் அந்தப் பிழை எட்டிப்பார்க்கவே இல்லை. வேடிக்கை என்னவென்றால் அந்தக் கணக்கு ராக்கெட் கிளம்பிய பிறகு தேவையே இல்லாதது. அதைவிட வேடிக்கை, மாற்றாக வைத்திருந்த இரண்டாவது பெட்டியிலும் அதே மென்பொருள். அதுவும் அதே காரணத்தால் விழுந்தது. ஒரே தவறை இரண்டு முறை எழுதி வைத்துவிட்டு அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைத்தார்கள்.

இரண்டாவது, இஸ்ரோவின் சின்ன ராக்கெட் எஸ்எஸ்எல்வி, முதல் பயணம், 2022 ஆகஸ்ட் 7. இரண்டாம் அடுக்கு பிரியும்போது வந்த அதிர்வில் முடுக்கமானிகள் சிறிது நேரம் அளவு மீறிக் காட்டின. உணரிகள் கெட்டுவிட்டன என்று மென்பொருள் முடிவு செய்து, அவற்றை நம்பாமல் மாற்று வழியில் போனது. உணரிகள் கெடவில்லை, ஒரு கணம் திகைத்தன, அவ்வளவுதான். கடைசியில் வேகத்தில் 56 மீட்டர்/விநாடி குறைவு. சுற்றுப்பாதைக்கு ஏறத்தாழ 7,700 வேண்டிய இடத்தில் வெறும் 56. ஆனால் பாதையின் தாழ்முனை 76 கிலோமீட்டருக்கு இறங்கிவிட்டது. அங்கே காற்று இருக்கிறது. செயற்கைக்கோள்கள் போயின. ஆறு மாதத்தில் திருத்தி, 2023 பிப்ரவரியில் சரியாக ஏவினார்கள். கற்றுக்கொள்வது என்றால் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

#13 எடைக்கணக்கு

அந்த 56 மீட்டர்/விநாடிக் கதை எல்லோரும் மனப்பாடம் செய்ய வேண்டியது. நூற்றுக்கு 99.3 மதிப்பெண் எடுத்தும் ஃபெயில் ஆகும் ஒரே பரீட்சை சுற்றுப்பாதைதான்.

ஸ்டார்ஷிப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. எல்லோரும் பூஸ்டரைப் பிடித்ததைப் பற்றிப் பேசுகிறார்கள். பூஸ்டர் சுலபமான பாதி. ஃபால்கன் பூஸ்டர் பிரியும்போது வேகம் விநாடிக்கு இரண்டு கிலோமீட்டர் சொச்சம். சுற்றுப்பாதையிலிருந்து திரும்பும் மேல் அடுக்கு 7.8 கிலோமீட்டரில் வருகிறது. ஆற்றல் வேகத்தின் வர்க்கம், அதனால் ஒவ்வொரு கிலோவும் பத்து மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கொட்டியாக வேண்டும். அதற்குக் கவசம் வேண்டும், கவசத்துக்கு எடை வேண்டும். அந்த எடை எங்கே ஏறுகிறது என்பதுதான் வயிற்றெரிச்சல். முதல் அடுக்கில் பத்து கிலோ கூட்டினால் சரக்கில் ஒரு கிலோ போல இழப்பீர்கள். மேல் அடுக்கில் ஒரு கிலோ கூட்டினால் ஒரு கிலோ அப்படியே போகும். தச்சன் ஐயா சொன்ன வெப்ப ஓடுகள் மறுபடி வாசலில் வந்து நிற்கின்றன. இந்த முறை ஓடுகளில் பெரும்பகுதி ஒரே அச்சு, அறுகோணம். அது நல்ல மாற்றம்தான்.

மேல் அடுக்கை அதே நாள், பழுதுபார்க்காமல் மறுபடி ஏவும் நாள் வந்தால் என் தலைப்பைத் திரும்பப் பெறுகிறேன். தொப்பி என்னிடம் இல்லை, வேறு எதையாவது தின்கிறேன்.

#14 வால்நட்சத்திரம்

ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சாச்சு.

சரி, உங்க நண்பர் சொன்ன "எதை வேணும்னாலும் கட்டலாம்"க்கு வருவோம். இப்போ எல்லா நிறுவனமும் டேட்டா சென்டரை விண்வெளிக்குக் கொண்டுபோறோம்ங்குது. 2025 நவம்பர்ல ஸ்டார்கிளவுட்ங்கிற நிறுவனம் எச்100ங்கிற ஏஐ சிப் ஒண்ணை மேலே அனுப்பிச்சு. கூகுள் சன்கேச்சர்னு ஒரு திட்டம் அறிவிச்சு, 2027-ல ரெண்டு சோதனைச் செயற்கைக்கோள் அனுப்பப் போறாங்க. சூரிய ஒளி இலவசம், இடம் இலவசம், குளிர் இலவசம். இதுக்கு என்ன சொல்றீங்க?

#15 பிட்டும் பைட்டும்

குளிர் இலவசமா? இதைச் சொல்பவர்கள் எல்லோரும் ஃபிளாஸ்க் எப்படி வேலை செய்கிறது என்று ஒரு முறை யோசித்தால் போதும். வெற்றிடம் சூட்டை எடுத்துப் போகாது, பிடித்து வைக்கும். காற்று இல்லை, தண்ணீர் இல்லை. வெப்பம் கதிராக மட்டுமே வெளியேறும்.

27 டிகிரியில் இருக்கும் ஒரு தகடு, சதுர மீட்டருக்கு ஒரு பக்கம் அதிகபட்சம் சுமார் 460 வாட்தான் உமிழும். இரண்டு பக்கமும் உமிழ்ந்தாலும் ஒரு மெகாவாட்டுக்கு 1,100 சதுர மீட்டர் தகடு வேண்டும். இது எந்த இழப்பும் இல்லாத புத்தகக் கணக்கு. பூமியிலிருந்து வரும் சூட்டைச் சேர்த்தால் இன்னும் கூடும். தரையில் இப்போது திட்டமிடும் மையங்கள் நூற்றுக்கணக்கான மெகாவாட். ஒப்பீட்டுக்கு, சர்வதேச விண்வெளி நிலையத்தின் வெளிப்புறக் குளிர்விப்பு அமைப்பின் திறன் 70 கிலோவாட்.

#16 எடைக்கணக்கு

ஒரு திருத்தம். தகட்டைச் சூடாக வைத்தால் கணக்கு மாறும். உமிழ்வு வெப்பநிலையின் நான்காம் படியில் ஏறும். 60 டிகிரியில் வைத்தால் மெகாவாட்டுக்கு 720 சதுர மீட்டர் போதும். சிப்புகள் அதைத் தாங்கும். ஆக இயற்பியல் தடுக்கவில்லை. விலைதான் தடுக்கிறது. கூகுளின் சொந்தக் கணக்கே 2030-களின் நடுவில் கிலோவுக்கு 200 டாலர் என்ற ஏவுதல் விலையை நம்பித்தான் நிற்கிறது. இப்போது கூட்டுப் பயணத்தில் சின்ன ஆளுக்குக் கிலோ 5,000-க்கு மேல்.

பாருங்கள், நான் ஆரம்பித்த இடத்துக்கே வந்துவிட்டோம். ராக்கெட் வைத்திருப்பவர் தன் டேட்டா சென்டரைத் தானே ஏற்றினால் அவருக்குச் செலவு விலை. மற்றவர்களுக்கு? அவர்கள் போட்டியாளரிடம் டிக்கெட் வாங்க வேண்டும். அமேசான் 2022-ல் தன் கைப்பர் இணையச் செயற்கைக்கோள்களுக்காக மூன்று வேறு நிறுவனங்களிடம் 83 ஏவுதல் வரை ஒப்பந்தம் போட்டது. அந்த ராக்கெட்டுகள் ஒவ்வொன்றாகத் தாமதமாக, 2023 டிசம்பரில் போட்டியாளரிடமே மூன்று ஃபால்கன் 9 வாங்கியது.

#17 இரவுக்கண்

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டே இருந்தேன். எல்லோரும் மேலே போவதைப் பற்றியே பேசுகிறீர்கள், கீழே வருவதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

நான் தொலைநோக்கி வைத்திருப்பவன். இரவில் ஒரு நீள்வெளிப்பாட்டுப் படம் எடுத்தால் செயற்கைக்கோள்கள் இழுக்கும் கோடுகளை அழிக்கவே அரை மணி நேரம் ஆகிறது. அது என் பொழுதுபோக்கு, விடுங்கள். இந்த ஸ்டார்லிங்க் மாதிரிச் செயற்கைக்கோள்களின் ஆயுள் ஐந்து வருடம் போல. அதன் பிறகு வளிமண்டலத்தில் எரிக்கிறார்கள். எரிந்தால் மறைந்துவிடுமா? அலுமினியம் அலுமினியம் ஆக்சைடாக மேலேயே நிற்கிறது. 2023-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், விமானம் மூலம் அடுக்கு மண்டலத்தில் சேகரித்த கந்தக அமிலத் துகள்களில் சுமார் 10 சதவீதத்தில் விண்கலங்களிலிருந்து வந்த உலோகம் இருந்தது. ஓசோனுக்கு என்ன ஆகும் என்று இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஏவுவது அதற்குக் காத்திருக்கவில்லை.

மலிவாக ஏவ முடிந்தால் மலிவாகத் தூக்கி எறியவும் செய்வோம். மறுபயன்பாட்டு ராக்கெட்டில் ஏறிப் போவது தூக்கி எறியும் செயற்கைக்கோள்.

#18 ஒற்றைவரி

இதற்கு மட்டும் ஜோக் வரவில்லை.

#19 வால்நட்சத்திரம்

இரவுக்கண், இதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. கட்டுப்பாடு வேணும்னு ஒத்துக்கிறேன். ஆனா வெளிச்சம் குறையணும்னு கறுப்புப் பூச்சும் நிழல் தட்டும் போட்டுப் பார்த்தாங்க, கொஞ்சம் முயற்சியாவது நடக்குதுல்ல?

#20 இரவுக்கண்

நடக்கிறது. யாரும் கட்டாயப்படுத்தாமல் செய்த வரை நடக்கிறது. அடுத்து வருகிறவர் செய்வாரா என்பது அவர் மனசு.

#21 சின்னக்கோள்

வணக்கம். நான் இங்கே புதுசு. படித்துக்கொண்டு மட்டும் இருக்கலாம் என்றுதான் இருந்தேன், ஆனால் "கூட்டுப் பயணம்" என்று வந்ததால் எழுதுகிறேன். நாங்கள் மாணவர்கள் ஒன்பது பேர் சேர்ந்து ஒரு நானோ செயற்கைக்கோள் செய்தோம். ஷூ பெட்டி அளவு.

எடைக்கணக்கு அண்ணா, உங்கள் விலைக் கணக்கு எனக்குப் புரிகிறது. ஆனால் எங்களுக்கு ஏவுதல் கட்டணம் பெரிய தலைவலியாக இருக்கவில்லை. அதை ஒரு உதவித்தொகை பார்த்துக்கொண்டது. தலைவலி வேறு. எங்கள் இடம் மூன்று முறை தள்ளிப்போனது. முதலில் பேசிவைத்த சின்ன ராக்கெட் நிறுவனம் ஏவும் தொழிலையே விட்டுவிட்டது. இரண்டாவது இடத்தில் முதன்மைச் செயற்கைக்கோள் தயாராகவில்லை. பதினான்கு மாதம் எங்கள் கலம் நைட்ரஜன் பெட்டியில் இருந்தது. பேட்டரியை மாதம் ஒரு முறை எடுத்துப் பார்ப்போம். அதற்குள் மென்பொருள் எழுதிய இரண்டு பேர் படிப்பு முடித்துப் போய்விட்டார்கள். அவர்கள் எழுதிய நிரலை யாரும் தொடப் பயந்தோம்.

கடைசியில் ஃபால்கன் 9 கூட்டுப் பயணத்தில்தான் போனது. சொன்ன தேதிக்கு நாலு நாள் தாமதம், அவ்வளவுதான். கிலோவுக்கு எவ்வளவு என்று நான் கேட்கவே இல்லை. எங்களுக்கு வேண்டியிருந்தது நம்பக்கூடிய ஒரு தேதி.

#22 பழைய தச்சன்

அம்மா, சபாஷ். பேட்டரி கடைசியில் எப்படி இருந்தது?

#23 சின்னக்கோள்

நன்றாக இருந்தது ஐயா. ஆன்டெனாதான் ஒன்று விரியவில்லை. மற்றதை வைத்துப் பதினோரு வாரம் பேசியது.

#24 எடைக்கணக்கு

சின்னக்கோள், இந்தப் பதிவை முதலிலேயே போட்டிருந்தால் நான் தலைப்பையே வேறு மாதிரி வைத்திருப்பேன். இருபது பதிவாக டாலரை எண்ணிக்கொண்டிருந்தேன். அடிக்கடி பறப்பதால் செலவு குறைகிறது என்று நானே எழுதிவிட்டு, அடிக்கடி பறப்பதே ஒரு பொருள், அதற்கும் ஒருவர் பணம் கொடுப்பார் என்பதைப் பார்க்கவில்லை. 2022-ல் ஒன்வெப் என்ற இணையச் செயற்கைக்கோள் நிறுவனத்துக்கு நடந்ததும் இதுதான். உக்ரைன் போர் தொடங்கியதும் ரஷ்யாவின் சோயுஸ் ராக்கெட் கதவு ஒரே வாரத்தில் அடைபட்டது. 36 செயற்கைக்கோள்கள் பைக்கானூரிலேயே மாட்டிக்கொண்டன. போட்டியாளர் என்று தெரிந்தும் ஸ்பேஸ்எக்ஸிடம் போனார்கள், இஸ்ரோவிடமும் போனார்கள். விலைக்காகப் போகவில்லை. யாரிடம் ராக்கெட் தயாராக இருந்ததோ அவரிடம் போனார்கள்.

ஆனாலும் என் புகார் அப்படியே இருக்கிறது. அந்தத் தேதியைக் கொடுக்க உலகில் இப்போது ஒரு கைதான் இருக்கிறது. ப்ளூ ஆரிஜின் நிறுவனத்தின் நியூ கிளென் ராக்கெட் 2025 நவம்பரில் தன் இரண்டாவது பயணத்திலேயே பூஸ்டரைக் கப்பலில் இறக்கியிருக்கிறது. அவர்கள் வருடத்துக்கு இருபது பறக்கட்டும், அப்போது விலைப்பட்டியல் அசைகிறதா என்று பார்ப்போம்.

#25 வால்நட்சத்திரம்

அசையும். பந்தயம்?

#26 எடைக்கணக்கு

வேண்டாம். ஏற்கெனவே ஒரு ஸ்க்ரீன்ஷாட் உங்களிடம் இருக்கிறது.

#27 பிட்டும் பைட்டும்

சின்னக்கோள், அந்த இரண்டு பேர் எழுதிய நிரலில் கருத்துரை வரிகள் இருந்தனவா? சும்மா கேட்கிறேன்.

#28 சின்னக்கோள்

ஒரே ஒரு வரி இருந்தது. "இதை மாற்றாதே."